இணைக் கணிமைக்குப் புதியவரா? மொழியைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்

இணைக் கணிமையில், அதாவது பல வேலைகளைச் சேர்ந்தாற்போல் ஓட்டும் துறையில், புதிதாக ஒரு மாதிரியையோ (நிரல் எப்படி ஓடும் என்று யோசிக்க உதவும் கணிதச் சட்டகம்) மொழியையோ கற்கலாம் என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் மொழியை நிறுவுவதில்தான் ஆரம்பிக்கிறார்கள். நிறுவி, எடுத்துக்காட்டு நிரலை ஓட்டி, எல்லாக் கோர்களும் நூறு சதவீதத்தில் ஓடுவதைப் பார்த்து மகிழ்ந்து, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார்கள். கையேட்டிலிருந்து ஆய்வுக் கட்டுரைக்கு, அங்கிருந்து இன்னொரு மொழிக்கு என்று நானும் நிறையவே அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு நிரல் மொழி சுமாராகத் தெரியும், கணக் (செட்) குறியீடுகளைக் கண்டால் ஓட மாட்டீர்கள், இந்த இரண்டும் இருந்தால் போதும். கீழே உள்ள வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

1. வேண்டியது வேகமா, ஒழுங்கா?

இரண்டையும் தனித்தனித் துறைகள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கணக்கைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுத்துச் சீக்கிரம் முடிப்பது ஒன்று: மேட்ரிக்ஸ் பெருக்கல், படச் செயலாக்கம், சிமுலேஷன். இங்கே கோர் ஒன்றானாலும் ஆயிரமானாலும் அதே விடைதான் வர வேண்டும். இன்னொன்றில் பல வேலைகள் தம்தம் போக்கில் ஓடிக்கொண்டே ஒன்றோடொன்று பேசுகின்றன: சர்வர்கள், பணப் பரிமாற்றங்கள், நெட்வொர்க் நெறிமுறைகள். கன்கரன்சி என்று சொல்வது இதைத்தான். இதை ஒரே கோரில் ஓட்டினாலும் சிக்கல் போகாது. எந்தச் செய்தி முன்னால் வந்தது என்பதைப் பொறுத்து விடை மாறும்.

முதலாவதான வேகத்துக்கு நேரத்தைக் கணக்கிடும் மாதிரி வேண்டும். இரண்டாவதான ஒழுங்குக்கு, என்னவெல்லாம் நடக்கக்கூடும் என்று சொல்லும் மாதிரி வேண்டும். ஒன்றுக்கான கருவியை மற்றதற்குக் கொண்டுபோனால் வாரங்கள் வீணாகும். ஜிபியுவில் வேகம் வேண்டுபவர், செய்திப் பரிமாற்றத்தை விவரிக்கும் பை கால்குலஸ் படித்துப் பயனில்லை. டெட்லாக்கை (வேலைகள் ஒன்றுக்கொன்று காத்து அப்படியே நின்றுவிடுவது) துரத்துபவருக்கு நேரத்தைக் கணக்கிடும் செலவு மாதிரி உதவாது.

உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் மொழி தேடும் நேரம் இன்னும் வரவில்லை.

2. காகிதத்தில் செலவைக் கணக்கிடுங்கள்

வேகம் வேண்டுபவர்களுக்கு இதுதான் முக்கியமான படி. ஒழுங்கு மட்டும் வேண்டுபவர்கள் மேலோட்டமாகப் படித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

இரண்டே எண்கள். ஒன்று, மொத்த வேலை: ஒரே கோர் இருந்தால் எத்தனை செயல்கள். இரண்டு, ஒன்றன் விடைக்காக அடுத்தது காத்திருக்கும் செயல்களின் மிக நீளமான சங்கிலி. எத்தனை கோர் வைத்தாலும் இந்தச் சங்கிலியைவிடச் சீக்கிரம் முடிக்க முடியாது. கட்டுரைகளில் வொர்க், ஸ்பான் என்று வருபவை இவைதான்.

1024 எண்களைக் கூட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வேலை 1023 கூட்டல். இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டே போனால் சங்கிலி 10 படி. 32 கோர் இருந்தால்? ஒவ்வொன்றும் தன் பங்குக்கான 32 எண்களை 31 படியில் கூட்டும், பிறகு அந்த 32 விடைகளைச் சேர்க்க 5 படி, ஆக 36. பிரென்ட் 1974-ல் தந்த தேற்றம், மொத்த வேலையைக் கோர்களால் வகுத்து அதோடு சங்கிலியைக் கூட்டினால் வரும் எண்ணுக்குள் முடிக்கலாம் என்கிறது. இங்கே அது 42. கைக்கணக்கில் வந்த 36 அதற்குள் அடங்குகிறது. இப்போது கோர்களை 32 மடங்கு பெருக்கி 1024 ஆக்குங்கள்: 36 படி 10 ஆகிறது, அவ்வளவுதான். 32 மடங்கு வன்பொருளுக்கு 3.6 மடங்கு வேகம். இந்தக் கணக்கைப் போடாமல் பெரிய மெஷின் கேட்டு விண்ணப்பிக்கக் கூடாது.

இதில் ஒரு பொறி உண்டு. சங்கிலியைக் குறைக்கும் ஆசையில் மொத்த வேலையை ஏற்றிவிடுவார்கள். அதே 1024 எண்களுக்கு, ஒவ்வொரு இடம்வரையிலான கூட்டுத்தொகை வேண்டும் என்று கொள்வோம். ஸ்கேன் என்ற இந்தச் செயல் இணைக் கணிமையில் எங்கே திரும்பினாலும் வரும். ஒவ்வொரு சுற்றிலும் 1, 2, 4 என்று தூரத்தை இரட்டிப்பாக்கிக் கூட்டும் எளிய முறையில் 10 சுற்றில் முடிந்துவிடும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் மொத்தக் கூட்டல் 9217. வரிசையாகச் செய்தால் 1023 மட்டுமே. 8 கோரில் அந்த அழகான முறைக்குக் குறைந்தது 1153 படி ஆகும். சாதாரண ஃபார் லூப்பிடமே தோற்றுப்போகிறது! மரம்போல மேலே ஏறி இறங்கும் இன்னொரு முறைக்குச் சுமார் 20 சுற்று, 2046 கூட்டல். கோர்கள் குறைவாக இருக்கும்போது இதுதான் தேவலை. புதியதொரு அல்காரிதத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இரண்டு எண்களையும் தேடுங்கள். ஒன்றை மட்டும் சொல்லி மற்றதைச் சொல்லாத கட்டுரையைச் சந்தேகத்தோடு படியுங்கள்.

மெஷின்களுக்கு இடையே தகவல் போக வேண்டுமென்றால் இந்தக் கணக்கு போதாது. அப்போது வேலியன்ட் 1990-ல் முன்வைத்த பிஎஸ்பி மாதிரிக்குப் போங்கள். அதில் நிரல் பெரும்படிகளாக நகரும். ஒரு பெரும்படியின் செலவு மூன்று பகுதிகளின் கூட்டுத்தொகை: அதிக வேலை உள்ள கோரின் கணக்கு நேரம், எந்த ஒரு கோரும் அனுப்பும் அல்லது பெறும் சொற்களின் (மெஷின் ஒருமுறை கையாளும் தரவுத் துண்டுகளின்) உச்ச எண்ணிக்கையை, ஒரு சொல் போக ஆகும் நேரத்தால் பெருக்கியது, எல்லோரும் ஒருவருக்கொருவர் காத்து நிற்கும் நேரம். கடைசி இரண்டுக்கும் உங்கள் மெஷினின் எண்களைச் சிறு நிரல் எழுதி அளந்துகொள்ளலாம். காத்து நிற்கும் நேரம் பெரிதாக இருந்தால் பெரும்படிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். நிரலைத் திரும்ப எழுத வேண்டுமா என்பது பலமுறை இங்கேயே தெரிந்துவிடும்.

3. ஒரே ஒரு மாதிரி

மாதிரிகளின் பட்டியல் நீளமானது. எல்லாவற்றையும் படிக்கத் தொடங்கினால் எதிலும் கை நனையாது.

வேகத்துக்கு: ஒரே மெஷினில் பல கோர் என்றால் மேலே சொன்ன வேலை-சங்கிலிக் கணக்கே மாதிரி. பல மெஷின் என்றால் பிஎஸ்பி. செய்தியின் தாமதத்தையும் அனுப்பும் சுமையையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டுமென்றால் 1993-ல் வந்த லாக்பி. பிராம் மாதிரி பாடத்திட்டங்களில் முதலில் வரும். நினைவகத்தின் எந்த மூலையையும் எல்லாக் கோரும் ஒரே படியில் எட்டிவிடலாம் என்ற அதன் அனுமானம் உண்மையான மெஷினில் கிடையாது. அல்காரிதத்தைப் புரிந்துகொள்ளப் படியுங்கள், நேரத்தைக் கணிக்க நம்ப வேண்டாம்.

ஒழுங்குக்கு: சேனல் (செய்தி போகும் குழாய்) வழியாகப் பேசும் அமைப்பு என்றால் ஹோரின் சிஎஸ்பி. ஒவ்வொன்றுக்கும் தனி அஞ்சல் பெட்டி, முகவரி தெரிந்தால் செய்தி அனுப்பலாம் என்ற அமைப்பு என்றால் 1973-ல் ஹெவிட்டும் சகாக்களும் முன்வைத்த ஆக்டர் மாதிரி. ஓட ஓடப் புதுச் சேனல்கள் உருவாகி, அந்தச் சேனலையே செய்தியாக இன்னொருவருக்கு அனுப்ப வேண்டுமென்றால் மில்னர், பாரோ, வாக்கர் மூவரும் 1992-ல் தந்த பை கால்குலஸ். வளங்கள் எங்கே தேங்குகின்றன என்று பார்க்க பெட்ரி வலை.

இவற்றில் எனக்குப் பிடித்த புதுத் தலைமுறை செஷன் டைப்ஸ். "முதலில் நான் விலை கேட்பேன், நீ ஒரு எண் அனுப்புவாய், பிறகு நான் சரி அல்லது வேண்டாம் என்பேன்" என்ற உரையாடலையே சேனலின் டைப்பாக எழுதிவிடலாம். வரிசை மாறினால் கம்பைலரே பிடித்துவிடும். ஹோண்டா 1993-ல் இரு தரப்புக்குத் தொடங்கியதை, 2008-ல் யோஷிடா, கார்போனே ஆகியோருடன் சேர்ந்து பல தரப்புக்கு விரித்தார். பயன்படுத்த எளிதாக இருக்கிறதா என்றால், இன்னும் இல்லை. பெரும்பாலான மொழிகளில் இது மொழியின் உறுப்பாக இல்லாமல் லைப்ரரியாகத்தான் வருகிறது. அப்படி வரும்போது பிழைச்செய்தி ஒரு பக்கத்துக்கு நீளும்.

4. எந்த ஆவணங்களைக் கையில் வைத்துக்கொள்வது

மொழியை நிறுவும் முன் இவற்றைத் தேடி ஒரே கோப்புறையில் போடுங்கள்.

மூலக் கட்டுரை. கூடவே அதன் நீண்ட வடிவம்: மாநாட்டுக் கட்டுரையில் பக்க வரம்பு உண்டு, நிரூபணங்கள் அதில் இருக்காது. ஆசிரியரின் தளத்தில் அல்லது ஆர்க்கைவ் (arXiv) என்ற கட்டுரைத் தளத்தில் தேடினால் பின்னிணைப்போடு கிடைக்கும்.

மொழியின் விவரக்குறிப்பு. டியூட்டோரியலை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பல ஆய்வு மொழிகளுக்கு விவரக்குறிப்பே இருக்காது. கம்பைலர் செய்வதுதான் சட்டம். அப்படியென்றால் அதையும் குறித்துவையுங்கள்.

நினைவக மாதிரி. ஒரு திரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் இழை) எழுதியதை இன்னொன்று எப்போது பார்க்கும் என்று சொல்லும் பகுதி. திரெட்டுகள் நினைவகத்தைப் பகிரும் மொழியில் இது இல்லாவிட்டால் அந்த மொழியை விட்டுவிடலாம்.

வெளியீட்டுக் குறிப்புகளும் திறந்திருக்கும் பிழைகளின் பட்டியலும். கடைசி வெளியீடு எப்போது, பிழைகளுக்கு யாராவது பதில் சொல்கிறார்களா என்று பாருங்கள். உரிமக் கோப்பையும் திறந்து படியுங்கள், அது பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். பெயர் பெற்ற ஆக்டர் கருவித்தொகுப்பான ஆக்கா 2022-ல் திறந்த மூல உரிமத்திலிருந்து விலகி, வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு உள்ள உரிமத்துக்குப் போனது.

கட்டுரையைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. "டெட்லாக் வராது என்று நிரூபித்துள்ளோம்" என்ற தேற்றம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் அடங்கும் கரு மொழிக்கானது. உண்மையான மொழியில் விதிவிலக்குகள், வெளி லைப்ரரிகள், ரன்டைம் எல்லாம் இருக்கின்றன. தேற்றம் அவற்றைப் பற்றி எதுவும் பேசவில்லை. எனவே தேற்றத்துக்கு முன்னால் வரும் நிபந்தனைகளை வரி வரியாகக் குறித்துக்கொண்டு, உங்கள் நிரல் எதை மீறுகிறது என்று பாருங்கள். அதேபோல, வேக வரைபடம் எதோடு ஒப்பிடுகிறது என்பதையும் பாருங்கள். தன்னுடைய ஒரு கோர் ஓட்டத்தோடு ஒப்பிட்டு 60 மடங்கு என்பதற்கும், நன்றாக எழுதிய வரிசை நிரலோடு ஒப்பிட்டு 60 மடங்கு என்பதற்கும் நிறைய தூரம்.

5. இப்போது மொழி

பல கோர், ஒரு மெஷின், சி அல்லது சி பிளஸ் பிளஸ் தெரியும் என்றால் ஓப்பன்சில்க். இரண்டு மூன்று புதிய சொற்கள்தான். கூடவே வரும் சில்க்ஸ்கேல் உங்கள் நிரலின் வேலையையும் சங்கிலியையும் அளந்து சொல்லும், ஆக இரண்டாம் படியில் போட்ட கணக்கை நிஜத்தோடு ஒப்பிடலாம். சில்க்சான் டேட்டா ரேஸைப் பிடிக்கும், அதாவது ஒரு திரெட் எழுதும் இடத்தையே இன்னொன்று ஒழுங்கின்றித் தொடும் பிழையை. புதியவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஜிபியு வேண்டும், குறைந்த மட்டத்தில் எழுத விருப்பமில்லை என்றால் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் ஃபுதார்க். மேப், ரெட்யூஸ், ஸ்கேன் மூன்றையும் வைத்தே பெரும்பாலானதை எழுதிவிடலாம். முழுப் பயன்பாட்டையும் அதில் எழுத முடியாது. கணக்கு மட்டும் அதில், மற்றதெல்லாம் சி, பைத்தான் போன்றவற்றில். ரிகர்ஷன் கிடையாது. முக்கியமான பொறி: வரிசையை ஒரே விடையாகச் சுருக்கும் ரெட்யூஸுக்கு நீங்கள் தரும் செயல், அடைப்புக்குறியை எங்கே போட்டாலும் ஒரே விடை தர வேண்டும். தருகிறதா என்று கம்பைலர் சோதிக்காது. கழித்தலைக் கொடுத்தால் அது பேசாமல் தவறான விடையைத் தரும்.

பல மெஷின் கிளஸ்டர் என்றால் சேப்பல். 2024-ல் 2.0 வெளியாகி மொழியின் முக்கியப் பகுதிகள் நிலைத்துவிட்டன. அதோடு ஒரே திட்டத்தில் போட்டியாகத் தொடங்கிய ஃபோர்ட்ரஸ் 2012-ல் நிறுத்தப்பட்டது. ஆய்வு மொழியில் இறங்கும்போது இதை மனத்தில் வையுங்கள்.

ஒழுங்குப் பக்கம் கோ, எர்லாங், ரஸ்ட். கோ சிஎஸ்பியின் சாயலில் சேனல் தருகிறது, ஆனால் நினைவகத்தைப் பகிர்வதைத் தடுக்கவில்லை. எர்லாங்கில் பகிர்வு இல்லை. அஞ்சல் பெட்டிக்கு வரம்பும் இல்லை, வேகமாக அனுப்பினால் நினைவகம் நிரம்பும். பாதுகாப்பான ரஸ்ட் டேட்டா ரேஸை டைப் மட்டத்திலேயே தடுக்கும். டெட்லாக்கைத் தடுக்காது. ரஸ்ட் கம்பைல் ஆகிவிட்டது, இனிக் கவலையில்லை என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கலாம்.

சோதனை முயற்சி பிடிக்குமென்றால், லஃபோன் 1990-களில் உருவாக்கிய இன்டராக்‌ஷன் வலைகளின் (கணக்கை முனைகளின் வலையாக்கிச் சுருக்கிக்கொண்டே போகும் மாதிரி) மேல் கட்டிய பென்ட் மொழி 2024-ல் வந்தது. நிரலில் எதை இணையாக ஓட்டலாம் என்று நீங்கள் சொல்லவே வேண்டாம், அதுவே கண்டுபிடிக்கும். ஆனால் முதல் வெளியீட்டில் எண்களுக்கு 24 பிட்தான். கற்க அருமை, வேலைக்கு எடுக்கும் முன் யோசியுங்கள்.

6. தெரிந்த பிழையில் மாடல் செக்கரைப் பழகுங்கள்

ஒழுங்கு வேண்டுபவர்களுக்கு இந்தப் படிதான் மையம். மாடல் செக்கர் என்பது, உங்கள் மாதிரி எட்டக்கூடிய எல்லா நிலைகளையும் தேடிப் பிழையைக் காட்டும் கருவி. லாம்போர்ட்டின் டிஎல்ஏ பிளஸ் அல்லது ஹோல்ஸ்மனின் ஸ்பின், ஏதாவது ஒன்று. முதலாவதற்கு ஜாவா, இரண்டாவதற்கு சி கம்பைலர் மெஷினில் இருக்க வேண்டும். கை பழக ஒரு கணக்கு:

பொதுவான எண்ணி ஒன்று, தொடக்கத்தில் 0. இரண்டு திரெட்டுகள், ஒவ்வொன்றும் பத்து முறை அதைப் படித்து, ஒன்று கூட்டி, எழுதுகிறது. படிப்பதும் எழுதுவதும் தனித்தனிப் படிகள். கடைசியில் எண்ணியில் இருக்கக்கூடிய மிகக் குறைந்த எண் எது? பலர் 10 என்பார்கள். விடை 2. "முடிவில் எண்ணி 2 ஆகவே ஆகாது" என்று எழுதிக் கருவியிடம் கொடுங்கள், அது மறுத்து வழியைக் காட்டும்: முதல் திரெட் 0-ஐப் படித்து நிற்கிறது, இரண்டாவது ஒன்பது முறை கூட்டி முடிக்கிறது, முதலாவது தன் பழைய கணக்கின்படி 1 என்று எழுதுகிறது, இரண்டாவது அந்த 1-ஐப் படித்து நிற்கிறது, முதலாவது மீதி ஒன்பதையும் முடிக்கிறது, இரண்டாவது 2 என்று எழுதுகிறது. இதைச் சோதனை ஓட்டங்களால் பிடிக்க ஜென்மம் போதாது. கருவிக்கு ஒரு நொடி வேலை.

ஏன் அவ்வளவு வேகம்? தலா 10 படி உள்ள மூன்று திரெட்டுகளை வரிசைப்படுத்தும் வழிகள் சுமார் 5.55 லட்சம் கோடி. ஆனால் யார் எந்தப் படியில் நிற்கிறார் என்ற நிலைகள் 11 × 11 × 11, அதாவது 1331 மட்டுமே. கருவி வழிகளை எண்ணுவதில்லை, நிலைகளை எண்ணுகிறது. இதனால்தான் மாறிகளின் மதிப்பு வரம்பைச் சிறிதாக வைக்க வேண்டும்: ஒவ்வொரு மாறியும் நிலைகளைப் பெருக்கும். 32 பிட் எண்ணை அப்படியே வைத்தால் கருவி விடியும்வரை ஓடும். திரெட் இரண்டு மூன்று, மதிப்பு 0 முதல் 3 வரை என்று தொடங்குங்கள்.

அடுத்து இரண்டு பொறிகள். டிஎல்ஏ பிளஸின் எளிய வடிவமான பிளஸ்காலில் ஒரு லேபிளுக்கும் அடுத்த லேபிளுக்கும் இடையில் இருப்பதெல்லாம் ஒரே அணுப் படி, நடுவில் வேறு திரெட் நுழைய முடியாது. படிப்பதையும் எழுதுவதையும் ஒரே லேபிளில் வைத்தால் மேலே சொன்ன பிழை மறைந்துபோகும், கருவியும் எல்லாம் சரி என்று பச்சைக் கொடி காட்டும். மாதிரியில் நீங்கள் வைக்காததைக் கருவி தேடாது. இன்னொன்று, டிஎல்ஏ பிளஸை நேரடியாக எழுதும்போது வேலை முடிந்து நிற்பதையும் கருவி டெட்லாக் என்று சொல்லும். பதற வேண்டாம், முடிவு நிலையில் அப்படியே நிற்கும் படி ஒன்றைச் சேர்த்தால் போதும்.

7. உண்மையான மெஷினில் ஓட்டும்போது

மாதிரியில் ஒரு திரெட் எழுதியது உடனே எல்லோருக்கும் தெரியும். மெஷினில் அப்படியில்லை. இரண்டு மாறிகள், இரண்டும் 0. முதல் திரெட் முதல் மாறியில் 1 எழுதி இரண்டாவதைப் படிக்கிறது; மற்றது இரண்டாவதில் 1 எழுதி முதலாவதைப் படிக்கிறது. எந்த வரிசையில் ஓட்டினாலும் ஒருவருக்காவது 1 தெரிய வேண்டும் அல்லவா? சாதாரண இன்டெல் செயலியிலேயே இருவருக்கும் 0 கிடைக்கலாம். எழுதியது முதலில் தற்காலிக இடையகத்தில் தங்குவதால் வரும் விளைவு இது. ஆர்ம் செயலிகள் இன்னும் தாராளமானவை. எனவே அட்டாமிக் மாறி, பூட்டு, சேனல் இவற்றைத் தவிர வேறு வழியாகத் திரெட்டுகள் பேசக் கூடாது என்ற விதியை வைத்துக்கொள்ளுங்கள்.

விடை ஓட்டத்துக்கு ஓட்டம் கொஞ்சம் மாறினால் உடனே ரேஸ் என்று முடிவு கட்ட வேண்டாம். தசம எண் (ஃப்ளோட்) கூட்டலுக்கு வரிசை முக்கியம். 10-இன் 20-ஆம் அடுக்கிலிருந்து அதையே கழித்து 1 கூட்டினால் 1. முதலில் 1-ஐ அந்தக் கழிக்கும் எண்ணோடு சேர்த்துவிட்டால் 0. முழு எண்களை வைத்து ஓட்டிப் பாருங்கள். அப்போதும் மாறினால்தான் ரேஸைத் தேட வேண்டும்.

8. பணமும் நேரமும்

மென்பொருளுக்குச் செலவில்லை. மேலே பரிந்துரைத்த மொழிகளும் கருவிகளும் இலவசம். கட்டுரைகளுக்கும் பெரும்பாலும் பணம் வேண்டாம்: கணினியியலாளர்களின் சங்கமான ஏசிஎம் தன் 1951 முதல் 2000 வரையிலான வெளியீடுகளை 2022-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டது, அதனால் ஹோரின் 1978 சிஎஸ்பி கட்டுரையும் வேலியன்டின் 1990 கட்டுரையும் இலவசமாகக் கிடைக்கும். எங்காவது பணம் கேட்டால் கட்டும் முன் ஆசிரியரின் பக்கத்தில் தேடுங்கள்.

கணினி நேரம்தான் சத்தமில்லாமல் தின்னும். கோவின் ரேஸ் கண்டுபிடிப்பானை இயக்கினால் நினைவகம் 5 முதல் 10 மடங்கு, ஓடும் நேரம் 2 முதல் 20 மடங்கு கூடும் என்று அதன் ஆவணமே சொல்கிறது. அதைச் சிறு உள்ளீட்டில் தினமும், பெரிய உள்ளீட்டில் வாரம் ஒருமுறை என்று ஓட்டலாம்.

மாலை நேரங்களில் மட்டும் படிப்பவர் முதல் இரண்டு படிகளுக்கு ஒரு வாரம், மாதிரிக்கும் ஆவணங்களுக்கும் மூன்று நான்கு வாரம், மாடல் செக்கருக்கு இரண்டு வாரம் ஒதுக்கலாம். மொழிக்கு ஒரு மாதம். செஷன் டைப்ஸோ பை கால்குலஸோ எடுத்தால் மாதிரிக்கான காலத்தை இரட்டிப்பாக்குங்கள்; குறியீடுகள் பழகவே நாள் பிடிக்கும்.

ஜிபியு இல்லாதவர்கள் உடனே வாடகைக்கு எடுக்க வேண்டாம். ஃபுதார்க் நிரலைச் சாதாரண சிபியுவிலேயே கம்பைல் செய்து சரிபார்க்கலாம். விடை சரியாக வந்த பிறகு, அளவிட வேண்டிய ஓட்டங்களை ஒரே ஸ்கிரிப்டில் அடுக்கி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் எடுங்கள், முடிந்ததும் மெஷின் தானே அணையும்படி அதே ஸ்கிரிப்டின் கடைசி வரியில் எழுதிவிடுங்கள். அணைத்தாலும் சேமிப்பு வட்டுக்குத் தனிக் கட்டணம் ஓடும், தேவையில்லாவிட்டால் அதையும் நீக்குங்கள்.